ஒரே ஆசிரமம், இரண்டு மனம்

கேள்வி: கத்தோலிக்க இறையியலும் தியானவழி ஆன்மிகமும் ஒத்துப்போகுமா?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

பதில்: குளித்தலை அருகே காவிரிக் கரையில் 1950-ல் சாந்திவன ஆசிரமத்தைத் தொடங்கிய இரு பிரெஞ்சுக் குருக்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. அவர்களுள் ஒருவரான லெ சோ காவி உடுத்தி அபிஷிக்தானந்தர் ஆனார். திருவண்ணாமலைக் குகைகளில் மௌனமாய் அமர்ந்தார். அத்வைத அனுபவம் அவரை ஆட்கொண்டது. ஆனாலும் திருப்பலியை விடவில்லை. மற்றவரான இறையியல் அறிஞர் மொன்ஷானினோ, அத்வைதமும் மூவொரு கடவுள் கோட்பாடும் இணையுமா என்று தயங்கினார். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. திருச்சபைக்கு ஜெபம் என்பது இருவருக்கிடையேயான அன்பு. அங்கே பக்தன் கடவுளில் கரைந்து மறைவதில்லை, இறையனுபவமும் பயிற்சியால் ஈட்டுவதல்ல, அருளாய் வருவது. இதை ஏற்றுக்கொண்டு மூச்சைக் கவனித்து அமர்வதில் தவறே இல்லை. பிற மதத் தியான முறைகளை அடியோடு ஒதுக்க வேண்டாம் என்றே 1989-ல் வத்திக்கான் வெளியிட்ட மடலும் சொல்கிறது.