அயனிகளைப் பிணைக்கும் ஒளி

நுழையும்முன்

இன்றைய கணினி, பூச்சியம், ஒன்று என்னும் இரண்டு இலக்கங்களால் இயங்குகிறது. குவாண்டம் கணினியோ அவ்விரு நிலைகளும் ஒருங்கே மேற்பொருந்திய நிலையையும் கையாளவல்லது. அத்தகைய கணினியைப் பெரிதாக்க, ஒன்றையொன்று நெருங்காத அணுக்களையும் பிணைக்க வேண்டியுள்ளது. அப்பணியில் ஒளி தூதாகச் செல்லும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

சிறைப்பட்ட அயனி

எலக்ட்ரான் ஒன்றை இழந்த அணு, நேர்மின்னூட்டம் பெற்ற அயனியாகிறது. மின்னூட்டம் உடையதால் அதனை மின்புலத்தால் பிடித்துவைக்கலாம். எனினும் மாறாத மின்புலம் மட்டும் இதற்குப் போதாது. ஒரு திசையில் தடுத்தால் மற்றொரு திசையில் அயனி நழுவிவிடும். அது நழுவும் முன்பே புலத்தை மாற்றி மாற்றி அமைத்தால் அயனி நடுவிலேயே நிலைகொள்ளும். இம்முறையை உருவாக்கிய ஜெர்மானிய இயற்பியலாளர் வுல்ஃப்காங் பவுல், 1989ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உயர் வெற்றிடத்தில் நிறுத்தப்பட்ட அயனியின் அசைவை லேசர் ஒளி தணிக்கிறது. அதன் இரண்டு ஆற்றல் நிலைகள் பூச்சியமாகவும் ஒன்றாகவும் கொள்ளப்படுகின்றன. இவ்வாறு அமைந்த தகவல் அலகே ‘கியூபிட்’ எனப்படும். அயனிகளைக் கொண்டு குவாண்டம் கணினி அமைக்கும் வழியை 1995ஆம் ஆண்டில் இக்னாசியோ சிராக், பீட்டர் சோலர் ஆகிய இருவரும் முன்மொழிந்தனர். ஆனால், ஒரே பொறியில் அயனிகளைப் பெருக்கிக்கொண்டே சென்றால் அவற்றின் கூட்டசைவைக் கட்டுப்படுத்துதல் கடினமாகிறது. எனவே, சிறிய பொறிகள் பலவற்றை ஒளியால் இணைக்கும் எண்ணம் பிறந்தது.

குவாண்டம் பின்னல்

இரு துகள்கள் பின்னலுற்றால், அவற்றைத் தனித்தனியே விவரிக்க இயலாது. இரண்டையும் சேர்த்தே விவரிக்க முடியும். ஒன்றை அளந்து பெறும் விடை, மற்றொன்றின் விடையோடு இயைந்திருக்கும். இந்நிலைக்கு 1935ஆம் ஆண்டில் பெயரிட்டவர் எர்வின் ஷ்ரோடிங்கர். பின்னலைக் கொண்டு ஒளியைவிட விரைவாகச் செய்தி அனுப்பலாம் என எண்ணுதல் பிழை. அளவீட்டின் விடையை எவரும் தம் விருப்பப்படி அமைக்க முடியாது என்பதே அதற்குக் காரணம்.

ஆடிகளுக்கு இடையே

அயனி உமிழும் ஒளித்துகள் எத்திசையிலும் செல்லக்கூடும். வில்லையை வைத்தாலும் அதில் சிறு பங்கே அகப்படும். வழக்கமான தொலைத்தொடர்பில் நலிந்த குறிகையைப் பெருக்கிக்கொள்ளலாம். அறியப்படாத குவாண்டம் நிலையையோ படியெடுக்கவே இயலாது. ஆதலால், தொலைந்த ஒளித்துகள் தொலைந்ததேயாகும்.

இவ்விழப்பைக் குறைப்பது ஒளிக்குழிவு. மிகுந்த எதிரொளிப்புத் திறனுடைய இரண்டு ஆடிகள் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. அவற்றினிடையே ஒளி பல்லாயிரம் முறை சென்று திரும்புகிறது. நடுவே இருக்கும் அயனி, அவ்வச்சின் வழியே ஒளித்துகளை உமிழும் வாய்ப்புப் பெருகுகிறது. ஓர் ஆடி சற்றே மிகுதியாக ஒளியை ஊடுருவ விடுவதால், ஒளித்துகள் அதன் வழியே வெளியேறி ஒளியிழையை அடைகிறது. ஆடிகள் நெருங்க நெருங்க இவ்விளைவு வலுப்பெறும். ஆனால், ஆடியின் பரப்பில் தேங்கும் மின்னூட்டம் அருகிலுள்ள அயனியை அலைக்கழிக்கும். இவ்விரண்டுக்கும் இடையே தக்க இடைவெளியைத் தேர்தலே வல்லுநரின் திறன்.

இரு கட்டடங்கள், ஒரு பின்னல்

ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே குழிவில் இருந்த இரண்டு கால்சியம் அயனிகளை 2013ஆம் ஆண்டில் பின்னலுறச் செய்தனர். பின்னர், 230 மீட்டர் இடைவெளியில் வெவ்வேறு கட்டடங்களில் இருந்த இரண்டு அயனிகளை 520 மீட்டர் நீள ஒளியிழையால் இணைத்தனர். இதன் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின.

ஒவ்வோர் அயனியின் நிலையும் அது உமிழ்ந்த ஒளித்துகளின் தளவிளைவோடு பின்னலுற்றது. இரு ஒளித்துகள்களும் ஓர் ஒளிப்பிரிப்பானில் சந்தித்தன. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய இயலாதவாறு அவை கலந்தன. அவ்விரண்டும் உரிய முறையில் உணரிகளில் பதிவானதும், ஒருபோதும் சந்தித்திராத இரு அயனிகளும் பின்னலுற்றன. ஓர் இலட்சம் முயற்சிகளில் ஏறத்தாழ நான்கே வெற்றி பெற்றன. ஆயினும், வெற்றி பெற்றது எது என்பதை உணரிகளே அறிவித்தமையால், தோல்வியை விலக்கி மீண்டும் முயல முடிந்தது. பெறப்பட்ட பின்னல், குறையற்ற பின்னலோடு 88 விழுக்காடு வரை பொருந்தியது.

வெற்றி வீதத்தை உயர்த்துவதும் பிழையைக் குறைப்பதும் இனி ஆற்ற வேண்டிய பணிகள். அயனி நினைவைக் காக்கிறது; ஒளி அதனைச் சுமந்து செல்கிறது. இவ்விரண்டின் ஆற்றலையும் இணைக்கும் இடமே ஆடிகளுக்கு இடைப்பட்ட அச்சிறு வெளி.

தெரியுமா?

ஆடிகளுக்கிடையே நுண்ணலை ஒளித்துகள்களைச் சிறைப்படுத்தி ஆய்ந்த செர்ஜ் அரோஷும், அயனிகளைச் சிறைப்படுத்தி ஒளியால் ஆண்ட டேவிட் வைன்லேண்டும் 2012ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கற்பவை கற்றபின்...

1. ‘தொலைந்த ஒளித்துகள் தொலைந்ததேயாகும்’ – இக்கூற்றின் காரணத்தை வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. பாடத்தில் இடம்பெற்றுள்ள அறிவியல் கலைச்சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.