‘வேணும்னு செய்யலையே!’: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பரளச்சி, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஆடு மேய்ந்தது, வரப்பை வெட்டியது, கருவேலத்தைக் கழித்தது என்று தகராறு மூண்டால் ஊர்க்கூட்டத்துக்குப் போவார்கள், கைகலப்பானால் ஸ்டேஷனுக்கு. சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஒருவர் தெரிந்தே செய்த செயலால் அடுத்தவருக்கு விளையும் தீங்கை வழக்கறிஞர்கள் ‘இன்டென்ஷனல் டார்ட்’ என்பார்கள். இந்தியாவில் இதற்கென்று முழுமையான தனிச் சட்டம் கிடையாது. பெரும்பகுதி தீர்ப்புகளால் வளர்ந்தது. தவறான நம்பிக்கைகள் மண்டிக் கிடக்க அதுவும் ஒரு காரணம்.

நம்பிக்கை: கெட்ட எண்ணம் இல்லையென்றால் பொறுப்பும் இல்லை.

இதுதான் வேரோடு பிடுங்க வேண்டிய நம்பிக்கை. கரிமூட்டம் போடுகிறவர் எல்லைக்கல் தெரியாமல் பக்கத்துப் பட்டாவிலும் சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனதில் களவு இல்லை. திருட்டு வழக்கு நிற்பது கடினம். சிவில் கோர்ட்டோ வேறு கேள்வி கேட்கும்: அந்த மரத்தை வெட்ட நினைத்துத்தானே அரிவாளை ஓங்கினீர்கள்? ஆம் என்றால் அத்துமீறல்தான். பக்கத்து நிலத்துப் புல்லைத் தன்னுடையது என்று நம்பி அறுத்தவரை 1681-லேயே இங்கிலாந்து நீதிமன்றம் விடவில்லை.

செயலைத் தானாகச் செய்திருக்க வேண்டும். அது அடுத்தவரின் உடலையோ நிலத்தையோ பொருளையோ பாதித்திருக்க வேண்டும். அதற்குச் சம்மதமோ சட்ட அனுமதியோ இருந்திருக்கக் கூடாது. பார்க்கப்படுவது இவ்வளவுதான். யாரோ பிடித்துத் தள்ளி அடுத்தவர் காட்டில் விழுந்தவருக்குப் பொறுப்பில்லை. நடந்து நுழைந்தவருக்கு உண்டு, ஒரு செடிகூட மிதிபடாவிட்டாலும்.

நம்பிக்கை: கை பட்டால்தான் வழக்கு.

இல்லை. எட்டும் தூரத்தில் நின்று கம்பை ஓங்கி, இப்போதே அடி விழும் என்று நியாயமாக அஞ்ச வைத்தாலே போதும்.

நம்பிக்கை: என் காட்டுக்குள் வந்தால் என்னவும் செய்யலாம்.

பயிரை மேய்ந்த ஆடு மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் (கால்நடைப் பட்டியில்) அடைக்க 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வழி சொல்கிறது. பயிர்ச்சேதத்துக்குத் தனியாக வழக்கும் போடலாம். மருந்து வைத்துக் கொன்றாலோ, நஷ்டஈடு கேட்கும் உரிமை ஆட்டுக்காரர் கைக்குப் போய்விடும்.

பன்றிக்குப் பயந்து மக்காச்சோளத்தைச் சுற்றிக் கரண்ட் கம்பி கட்டுகிறவர்கள் ஒரு தீர்ப்பைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பீகாரில் ஒருவர் தன் கழிப்பறைக்குப் பிறர் வருவதைத் தடுக்க மின்கம்பி போட்டார். அதில் பட்டு ஒரு பெண் இறந்தார். அத்துமீறி வந்தவர் என்பதற்காக உயிரைப் பறிக்கும் பொறி வைக்க நில உரிமையாளருக்கு உரிமையில்லை என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அவருக்கு விதித்த தண்டனையை உறுதி செய்தது.

நம்பிக்கை: ஆட்டுத் திருடன் என்று சந்தேகம் வந்தாலே கட்டி வைக்கலாம்.

நம் கண்முன்னே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் மட்டுமே பொதுமக்கள் ஒருவரைப் பிடிக்கலாம். தேடப்படும் குற்றவாளி என்று கோர்ட் அறிவித்தவரையும் பிடிக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். வெறும் சந்தேகத்தில் கம்பத்தில் கட்டினால் அது சட்டவிரோத அடைப்பு. கட்டியவர்கள் மீது குற்ற வழக்கும் வரும், நஷ்டஈடு வழக்கும் வரும்.

நம்பிக்கை: போலீஸ் கேஸ் முடிந்தால் எல்லாம் முடிந்தது.

இரண்டும் வேறு வேறு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவிலில் எந்தப் பக்கம் சாத்தியம் கூடுதல் என்று பார்த்தால் போதும். 1994-இல் பொய்யான உளவு வழக்கில் கைதான நாகர்கோவில்காரர் நம்பி நாராயணனுக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அதற்கு மேலும் அவர் திருவனந்தபுரத்தில் நடத்திய சிவில் வழக்கை, 2020-இல் கேரள அரசு 1.30 கோடி கொடுத்து முடித்துக்கொண்டது.

நாளைக் கடத்தாதீர்கள். சட்டவிரோத அடைப்பு, பொய் வழக்கு, அவதூறு ஆகியவற்றுக்கு ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நில அத்துமீறலுக்கு 3 ஆண்டு. பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.