திட்ட அறிக்கையும் ஆலோசகரும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் அருகே நேந்திரங்காய் வறுவல் தொழில் தொடங்க விரும்பிய ஓர் அம்மையார், அறுபது பக்கத் திட்ட அறிக்கையுடனும் ஆலோசகருடனும் எமது கிளைக்கு வந்தார். ஒரு கிலோ வறுவலுக்கு எத்தனை கிலோ காய் வேண்டும் என்று வினவினேன். மூன்று கிலோவுக்கும் மேல் என்றார் அம்மையார், தயக்கமின்றி. அறிக்கையோ இரண்டு கிலோ என்றது. மின்கட்டணமும் கோயம்புத்தூர்க் கணக்கு! வேறெவருக்கோ எழுதியதில் பெயர் மட்டும் மாறியிருந்தது. காய்க்கணக்கைத் திருத்தியதும் முதலாண்டு இலாபம் மறைந்துபோயிற்று.

ஆலோசகர் வேண்டியதில்லை என்பது என் கருத்தன்று. பணவரவு செலவு மதிப்பீடு, கடன் திருப்பிச் செலுத்தும் திறன் விகிதம் ஆகியவற்றை முறையாக அமைக்கப் பயிற்சி தேவை. ஆனால் அவற்றுக்கு அடிப்படையான எண்களைத் தொழில்முனைவோரே தரவேண்டும்.

ஆலோசகரை அமர்த்துமுன், அவர் முன்னர் தயாரித்த அறிக்கை ஒன்றைப் பெயர் மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். அத்தொழில் இன்றும் நடைபெறுகிறதா என்றும் கேளுங்கள். வங்கி எழுப்பும் ஐயங்களுக்கேற்ப அறிக்கையைத் திருத்தித் தருவதும் அவர் பொறுப்பே என எழுத்தில் பெறுங்கள். கட்டணத்தைக் கடன்தொகையின் விழுக்காடாகப் பேசுவது கூடாது. கடன் பெருகினால் அவருக்கு ஆதாயம், வட்டி உங்களுக்கு.

விற்பனையைப் பெருக்கிக் காட்டுவதன் விளைவைப் பலர் உணர்வதில்லை. நாயக் குழுவின் முறைப்படி, ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு நடைமுறை மூலதனத் தேவை. அதில் 20 வங்கியுடையது, 5 உங்களுடையது. விற்பனை 40 இலட்சமெனில் உங்கள் பங்கு 2 இலட்சம். 80 இலட்சமென எழுதினால் 4 இலட்சம் கொண்டுவர வேண்டும்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 இலட்சம் ரூபாய் வரையிலான திட்டங்கள் மானியத்திற்கு உரியவை. மாதிரித் திட்ட அறிக்கைகளைக் காதி கிராமத் தொழில் ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் காணலாம். வெள்ளயம்பலத்திலுள்ள மாவட்டத் தொழில் மையத்திலும் விசாரித்துவிட்டு ஆலோசகரிடம் செல்வது நன்று.

அம்மையார் ஒரு வாரம் வீட்டில் வறுத்து, காய், எண்ணெய், எரிவாயு அனைத்தையும் நிறுத்துக் குறித்துக்கொண்டு வந்தார். ஓணத்திற்கு முன் காய்விலை ஏறுவதையும் சேர்த்திருந்தார். அதே ஆலோசகர் எழுதிய புதிய அறிக்கை பதினெட்டுப் பக்கம். கேட்ட கடன் முன்னதில் பாதி. அதனை ஒப்பளித்தோம்.