ஒரே காலத்தில் இரண்டு பட்டம்

அமெரிக்காவில் பள்ளிப் பருவத்திலேயே நாயோடு ‘அஜிலிட்டி’ என்ற தடையோட்டப் போட்டிக்கு வரும் பிள்ளைகளுக்கு வயதுக் கணக்கு ஒன்று இடிக்கும். பதினான்கு, பதினைந்து வயதில் குட்டி வீட்டுக்கு வரும். அமெரிக்கன் கென்னல் கிளப் விதிப்படி 15 மாதம் நிரம்பாத நாய் போட்டியில் இறங்க முடியாது. அடிப்படைப் பயிற்சி முடிந்து, புது இடத்தின் மிரட்சி தெளிந்து, நாய் மனசுவைத்து ஓடத் தொடங்கும்போது அதற்கு மூன்று நான்கு வயது ஆகியிருக்கும். பிள்ளைக்குப் பதினெட்டு. சரியாக அந்த ஆகஸ்டில் கல்லூரி திறக்கும். பதினெட்டாவது பிறந்தநாளோடு ‘ஜூனியர்’ என்ற தகுதியும் போய்விடும். இங்கிலாந்தின் யங் கென்னல் கிளப் 24 வயதுவரை இளையோர் கணக்கில் வைத்துக்கொள்கிறது; அங்கே கொஞ்சம் இரக்கம் உண்டு.

இந்தக் கட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு அறிவுரை சொல்ல ஊரே வந்துவிடும். சொல்லப்படுவதில் பாதி, விளையாட்டைத் தெரியாமல் சொல்வது. மீதி, கல்லூரியைத் தெரியாமல் சொல்வது.

“ஓடுவது நாய். உனக்கு அதில் என்ன வேலை?”

1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளையை நிரப்ப ஏதாவது வேண்டுமென்று ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் என்ற இருவர் குதிரைத் தாண்டலைப் பார்த்து அமைத்த வேடிக்கைதான் அஜிலிட்டி. வேடிக்கை பார்ப்பவருக்கு இன்றும் அது நாயின் ஆட்டமாகவே தெரிகிறது. உள்ளே நடப்பது வேறு. தடைகள் எந்த வரிசையில் வரும் என்பது போட்டி நாள்வரை யாருக்கும் தெரியாது. அன்று வரைபடத்தைத் தருவார்கள். பிறகு நாய் இல்லாமல், மனிதர்கள் மட்டும் களத்துக்குள் நடந்து பார்க்க ஏறக்குறைய எட்டு நிமிடம். மாஸ்டர்ஸ் என்ற உச்ச நிலையில் 18 முதல் 20 தடைகள். எந்த இடத்தில் நாய்க்கு முன்னால் குறுக்கே வெட்டுவது, எந்த இடத்தில் பின்னால் சுற்றி வருவது, சுரங்கக் குழாயின் எந்த வாயை நாய்க்குக் காட்டுவது என்று எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் முடிவு செய்து, காலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். களத்தில் தின்பண்டமோ பொம்மையோ கூடாது. நாயையும் தொடக்கூடாது, தடையையும் தொடக்கூடாது. நாய் உங்கள் குரலைவிட உங்கள் தோளும் பாதமும் திரும்பும் திசையைத்தான் நம்பும். கால் தவறான பக்கம் திரும்பினால், வாய் என்ன கத்தினாலும் நாய் காலின் பேச்சைத்தான் கேட்கும். நாய் வளைந்து நெளிந்து கடக்க வேண்டிய நெசவுக் கம்பங்களுக்குள் நுழையும்போது முதல் கம்பம் நாயின் இடத்தோளை ஒட்டி இருக்க வேண்டும். நீங்கள் ஒரு அடி நெருக்கி ஓடினாலே அந்த நுழைவு கெட்டுவிடும். எல்லாம் முப்பது நாற்பது வினாடிக்குள் முடிந்துவிடுகிறது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. இந்த விளையாட்டில் மனிதர் கற்க வேண்டியது கணிசமானது. அதற்கு நாய் பக்கத்தில் இருக்கவே வேண்டாம். வரைபடத்தை மனப்பாடம் செய்வதை விடுதி அறையில் செய்யலாம். வாகன நிறுத்துமிடத்தில் நாலு கூம்பை வைத்துக் காலடி பழகலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பழைய ஓட்டங்களின் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், நாயின் தவறு என்று நினைத்ததில் பெரும்பகுதி தன் தவறு என்று தெரியவரும். நாயைப் பிரிந்திருக்கும் வாரங்கள் வீண் என்று நினைப்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

“தினமும் பயிற்சி இல்லாவிட்டால் நாய் எல்லாவற்றையும் மறந்துவிடும்.”

மாணவர்களை அதிகமாகப் பயமுறுத்தும் நம்பிக்கை இதுதான். ஆய்வு கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம் நிற்கிறது. டென்மார்க்கில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆய்வுக்கூட பீகிள் நாய்கள் பதினெட்டை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு நாள் பயிற்சி, மற்றதற்கு வாரம் ஐந்து நாள். வாரம் ஒருமுறை பழகியவை குறைந்த அமர்வுகளிலேயே வேலையைக் கற்றன. 2011-இல் வந்த அடுத்த ஆய்வும் அதையே சொன்னது: வாரம் ஒன்றிரண்டு முறை, அதுவும் சுருக்கமாகப் பழகிய நாய்களுக்குத் தினமும் பழகியவற்றைவிடக் குறைந்த அமர்வுகளே தேவைப்பட்டன. நான்கு வாரம் கழித்துச் சோதித்தபோது, எந்த அட்டவணையில் கற்றிருந்தாலும் நாய்கள் கற்றதை மறக்கவில்லை.

இதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அமர்வுகள்தான் குறைவு, நாட்கணக்கில் பார்த்தால் வாரம் ஒருமுறை கற்கும் நாய் முடிக்க அதிக வாரங்கள் ஆகும். ஆய்வில் கற்றுக்கொடுத்ததும் எளிய வேலைதான், பன்னிரண்டு நெசவுக் கம்பங்கள் அல்ல. ஆனாலும் புதன்கிழமை வகுப்பு முடிந்து இருபது நிமிடம், ஞாயிறு ஒரு மணி நேரம் என்று பழகும் மாணவர் தன்னைக் குற்றவாளியாக நினைக்க வேண்டியதில்லை. தொடக்கக் கோட்டில் அசையாமல் காத்திருப்பதைத் தாழ்வாரத்தில் பழக்கலாம். விளக்குக் கம்பத்தைச் சுற்றிவரச் சொல்லித் திருப்பங்களைப் பழக்கலாம்.

மறதியைவிட உடம்புதான் கவலை. செமஸ்டர் நடுவில் மூன்று வாரம் அறையில் சும்மா கிடந்த நாயைச் சனி ஞாயிறில் நாலு ஓட்டம், ஐந்து ஓட்டம் என்று இறக்குவது நல்லதல்ல. 2013-இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில் 3,800 அஜிலிட்டி நாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஒருமுறையாவது காயப்பட்டிருந்தது. அடிக்கடி காயம்பட்ட இடம் தோள்பட்டை. அமைப்புகளும் இதைக் கவனிக்காமல் இல்லை. துணிக்குழாயாகத் தொங்கும் ‘ஷூட்’ என்ற தடையை அமெரிக்கன் கென்னல் கிளப் 2016-இல் பாதுகாப்புக்காகவே எடுத்துவிட்டது. தாண்டலை ஒரு மாதம் விட்டாலும் பரவாயில்லை, ஏற்ற இறக்கமான பாதையில் நல்ல நடையை விடக்கூடாது. தேர்வு வாரத்திலும் அதற்கு நேரம் கிடைக்கும்; கிடைக்கவில்லை என்றால் அந்த வாரப் போட்டியை விட்டுவிடலாம்.

“பார்டர் கோலி இன நாய் இல்லாவிட்டால் வராதே.”

எந்த இனத்துக்கும் இடம் உண்டு. நாயின் உயரத்தைப் பொறுத்துத் தாண்டல் உயரம் மாறுகிறது. 11 அங்குலத்துக்குள் இருக்கும் நாய் 8 அங்குலம் தாண்டினால் போதும். கலப்பின நாய்களுக்கு அமெரிக்கன் கென்னல் கிளப்பின் கதவு 2010-இல் திறந்தது. 2024-இல் வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியின் மாஸ்டர்ஸ் அஜிலிட்டியை வென்ற நிம்பிள் ஒரு கலப்பினம். அந்தப் போட்டியை வென்ற முதல் கலப்பினமும் அதுதான். பாதி பார்டர் கோலி ரத்தம்தானே என்று எதிர்வாதம் செய்பவர்கள் இருப்பார்கள். மீதிப் பாதி பப்பியான், மடியில் உட்காரும் இனம்.

“உணர்வுத் துணை நாய் என்று ஒரு கடிதம் வாங்கிவிட்டால் விடுதியில் வைத்துக்கொள்ளலாம்.”

இந்த ஆலோசனையைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அதனால்தான் இதில் கொஞ்சம் கடுமை தேவை. உணர்வுத் துணை விலங்குகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பது உண்மை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாகத்தில் ஒரு மாணவி தன் சிறிய நாயை வைத்துக்கொள்ள அனுமதி மறுக்கப்பட்டதும் அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்தது. நியாயமான வீட்டுவசதிச் சட்டம் மாணவர் குடியிருப்புக்கும் பொருந்தும் என்று 2013-இல் நீதிமன்றம் சொன்னது, 2015-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, உடல்நலக் குறைபாட்டால் உண்மையில் தேவை உள்ளவருக்கு. ‘சேவை நாய்’ இன்னொரு வகை: குறிப்பிட்ட வேலை செய்யப் பயிற்றப்பட்ட நாய், வகுப்புக்குள்ளும் வரலாம். உணர்வுத் துணை நாய்க்கு அந்த உரிமை கிடையாது. சேவை நாயே அஜிலிட்டியிலும் ஓடுவது உண்டு, அதில் தவறில்லை. விளையாட்டு நாய்க்கு இடம் பிடிக்க நோயைக் கடன் வாங்குவதுதான் தவறு. அதன் விலையை, அடுத்து வரும் உண்மையான நோயாளி, விடுதி அதிகாரியின் சந்தேகப் பார்வையில் கட்ட வேண்டியிருக்கும்.

நேர்வழிகள் இருக்கின்றன. ஃபுளோரிடாவின் எக்கர்ட் கல்லூரியும் மிசௌரியின் ஸ்டீவன்ஸ் கல்லூரியும் சில விடுதிகளில் செல்லப்பிராணிகளை அனுமதிப்பதற்கே பெயர்பெற்றவை. எம்.ஐ.டி.யின் சில விடுதிகளில் பூனைக்கு மட்டும் அனுமதி. பூனையை நெசவுக் கம்பத்துக்குள் ஓட்டிக் காட்டுபவருக்கு அங்கேயே பட்டம் தரலாம். எத்தனை நாய், என்ன எடை, எந்த ஆண்டு மாணவர் என்று ஒவ்வோர் இடத்துக்கும் தனி நிபந்தனை உண்டு என்பதால் விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்பது நல்லது. மற்றவர்கள் பொதுவாக முதல் ஆண்டு நாயை வீட்டில் விட்டுவிட்டு, பிறகு வெளியே வாடகை வீடு எடுத்து அழைத்துக்கொள்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் நாய்க்கான முன்பணமும் மாதக் கூடுதலும் இருக்கும்; சில இனங்களுக்குத் தடையும் இருக்கும். அறைத் தோழருக்கு நாய் பிடிக்குமா என்பது எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது.

“நாய் கூட இருந்தால் படிப்பின் அழுத்தம் குறையும்.”

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 249 மாணவர்களை வைத்துச் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். நாய் பூனைகளைப் பத்து நிமிடம் தடவிக்கொடுத்தவர்களின் கார்ட்டிசால் அளவு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த மாணவர்கள் தடவிவிட்டு எழுந்து போனார்கள். காலை ஆறு மணிக்கு மழையில் வெளியே அழைத்துப் போனதும், நள்ளிரவில் வாந்தியைத் துடைத்ததும், ஆய்வக வகுப்பு நீளும்போது நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடியதும் அந்த ஆய்வில் இல்லை.

“ஒரு செமஸ்டர் விட்டால் சேர்த்ததெல்லாம் போச்சு.”

போகாது. அஜிலிட்டியில் தகுதி ஓட்டம் என்பது மற்ற நாய்களை வெல்வது அல்ல, வரையறுத்த மதிப்பெண்ணையும் நேரத்தையும் எட்டுவது. தொடக்க நிலையில் நூற்றுக்கு 85 போதும். இரு வேறு நடுவர்களிடமாக மொத்தம் மூன்று தகுதி ஓட்டம் கிடைத்தால் அந்த நிலைக்கான பட்டம். முதல் ஓட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இரண்டு ஆண்டு கழிந்தாலும் கணக்கு அப்படியே இருக்கும். உச்சியில் இருக்கும் மாக் பட்டத்துக்கு 750 புள்ளியும், ஒரே நாளில் இரண்டு பிரிவிலும் பிழையின்றி ஓடிய இரட்டைத் தகுதி இருபதும் வேண்டும். அவையும் காலாவதி ஆவதில்லை.

இன்னொன்று: இந்தப் பட்டங்கள் நாயின் பெயரில் சேர்பவை. ஓட்டுபவர் உரிமையாளராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மகள் கல்லூரியில் இருக்கும் மாதங்களில் அம்மா ஓட்டினாலும் கணக்கில் ஏறும். அம்மாவின் வேகமும் சைகையும் வேறு என்பதால் நாய் முதலில் குழம்பும், பிறகு இரண்டு பேரையும் படித்துக்கொள்ளும். விடுமுறைக்கு வந்த மகள், நாய் அம்மாவுக்கு இன்னும் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துப் பொறாமைப்படவும் வாய்ப்புண்டு.

உண்மையில் இழப்பது வேறு இடத்தில். தேசிய அளவிலான போட்டிகளுக்குக் குறிப்பிட்ட பன்னிரண்டு மாதத்துக்குள் சேர்த்த ஓட்டங்கள்தான் கணக்கு. அவற்றில் ஒன்றான அஜிலிட்டி இன்விடேஷனல் வழக்கமாக டிசம்பரில் ஆர்லாண்டோவில் நடக்கும். செமஸ்டர் தேர்வும் அப்போதுதான். தேசிய சாம்பியன்ஷிப் வழக்கமாக மார்ச்சில், இடைத்தேர்வுக் காலம். கல்லூரி அணிக்காகக் கூடைப்பந்து ஆடுபவருக்குப் பயணத்துக்கு வகுப்பு விலக்குக் கடிதம் கிடைக்கும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பட்டியலில் அஜிலிட்டி இல்லை, பேராசிரியரிடம் நாய்ப் போட்டி என்று நேரில் போய்ச் சொல்ல வேண்டியதுதான். பாடத்திட்டம் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே போய்க் கேட்டால் பெரும்பாலும் இரங்குவார்கள், முந்தின நாள் கேட்டால் மாட்டார்கள்.

“அது பணக்காரர் விளையாட்டு.”

ஓரளவு உண்மை. ஓர் ஓட்டத்துக்குச் சுமார் 25 டாலர், நாளுக்கு இரண்டு ஓட்டம், அதற்குமேல் பெட்ரோலும் தங்குமிடமும். ஆனால் போட்டி நாளில் உதவி வேலை செய்பவர்களுக்குப் பல கிளப்புகள் மதிய உணவும் நுழைவுக் கட்டணத்தில் கழிவும் தருகின்றன. விழுந்த கம்பியை எடுத்து வைப்பது, நடுவரின் சைகையைப் பார்த்துக் குறித்துக்கொள்வது, கழுத்துப்பட்டைக் கயிற்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு எடுத்துப் போவது போன்ற வேலைகள்தான். நாள் முழுக்க அங்கே காத்திருக்கத்தான் போகிறோம். ஓடுவது மொத்தம் இரண்டு நிமிடம்கூட இல்லை. மீதி நேரத்தில் நாய்க்கூண்டு பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உயிர்வேதியியல் படிப்பவர்கள் உண்டு.

“முதலில் பட்டம் வாங்கு, நாயைப் பிறகு பார்க்கலாம்.”

பெற்றோர் சொல்வது இது, கெட்ட எண்ணத்தில் சொல்வதும் இல்லை. ஆனால் கல்லூரி வாசலில் நான்கு வயதாக இருக்கும் நாய்க்கு, பட்டமளிப்பு நாளில் எட்டு வயது. அந்த நான்கு ஆண்டுகளை முழுக்க ஒதுக்கி வைத்தால், நாயின் வேகமான காலம் அதற்குள்ளேயே கரைந்துவிடும். ஆண்டுக்கு நாலைந்து போட்டி, கோடையில் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் படிப்பும் கெடாது. எட்டு வயதுக்கு மேல் ‘ப்ரிஃபர்டு’ பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாம்: வழக்கத்தைவிட 4 அங்குலம் குறைவாகத் தாண்டினால் போதும், கூடுதல் நேரமும் கிடைக்கும். அந்தப் பிரிவிலும் மாக் போலவே பாக் என்று ஓர் உச்சப் பட்டம் இருக்கிறது. நரைத்த முகவாயோடு அதை வாங்கிய நாய்கள் நிறைய.