ஒரு முகவரியில் இருவர்

ஒரு சொல் பல பொருளுக்கு உரித்தாய் வருவதனை இலக்கணநூலார் பலபொருளொருசொல் என்பர். 'திங்கள் எழுந்தது' என்றவிடத்து நிலவென்றும், 'திங்கள் கழிந்தது' என்றவிடத்து மாதமென்றும் நாம் மயக்கமின்றி உணர்கின்றோம். அவ்வுணர்வைத் தருவது சொல் மாத்திரமன்று. உடன்வந்த வினையும் இனமும் சார்புமாம். பொறிக்கோ இவ்வகை உணர்வு இல்லை. ஒரு பெயரை இருவர்க்கு இட்டுவிடின் அது மயங்கும். அதன் மயக்கத்தால் வீட்டிலுள்ளார் துன்புறுவர். இவ்வுண்மையை யான் ஏட்டிற் கற்றேனல்லேன். என் மகளை வீணே கடிந்து கற்றேன்.

2021ஆம் ஆண்டிலே, பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடியிருந்த காலம். மகள் சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்துகொண்டிருந்தாள். பாடங்கள் யாவும் மடிக்கணினி வழியே நடந்தன. மாலை வேளைகளில், இணையவசதியில்லாத என் மாணவர்க்குக் கொடுத்தற்பொருட்டு யான் பயிற்சித் தாள்களை அச்சிடுவதுண்டு. அதே வேளையில் அவளுடைய வகுப்பு அறுந்துபோகும். "அப்பா, நான் ஒன்றுஞ் செய்யவில்லை" என்பாள். யான் நம்பவில்லை, படிப்பிற் கருத்தின்மையென்று கடிந்தேன். பின்னர் இணைப்பு வழங்குவோரையும் நொந்தேன்.

முன்னாளில் என்னிடந் தமிழ் கற்று, இந்நாளிற் கணினி திருத்துந் தொழில் செய்யும் இளைஞர் ஒருவரிடம் இதனைத் தொலைபேசியிற் கூறினேன். அவர் ஒரு வினாவே வினாவினார்: "சேர், வகுப்பு அறுகிற நேரத்தில் வீட்டில் புதிதாக எதைப் போடுகிறீர்கள்?" அப்பொழுதே எனக்கு விளங்கிற்று. அச்சுப்பொறியும் மடிக்கணினியும் ஒரே முகவரியைத் தாங்கி நின்றன. பிறர் பிள்ளைகளுக்காக யான் தாள் அச்சிட்டபோதெல்லாம் என் பிள்ளையின் வகுப்பை யானே அறுத்திருந்தேன்.

முகவரியின் இயல்பு

வலையமைப்பிற் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி ஒன்று வேண்டும். 1981ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்று இன்றும் வீடுகளிற் பெரிதும் வழங்கும் நான்காம் பதிப்பின்படி, அது நான்கு எண்களால் ஆயது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். இவ்வாறு ஆகும் முகவரிகள் மொத்தம் 4,294,967,296. உலகிலுள்ள கருவிகளுக்கு இவை போதா. ஆதலின் வீடு, அலுவலகம் முதலியவற்றின் உட்பயனுக்கென மூன்று தொகுதிகள் 1996ஆம் ஆண்டின் விதியால் ஒதுக்கப்பட்டன. 192.168 எனத் தொடங்குவது அவற்றுள் ஒன்று. ஊர்தோறும் கோயில் வீதி இருத்தல்போல, என் வீட்டிலும் அயல்வீட்டிலும் 192.168.1.10 என்னும் முகவரி இருக்கலாம், அதனாற் குற்றமில்லை. ஒரே வீதியில் இரண்டு வீடுகள் ஓர் இலக்கத்தைக் கொள்வதே குற்றமாம்.

இவ்விலக்கங்களை வழங்குவது ரவுட்டர் என்னும் சிறு பெட்டி. கருவி ஒன்று வந்து கேட்க, தன்னிடமுள்ள தொகுப்பிலிருந்து ஓர் இலக்கத்தைக் குறித்த காலத்திற்கு அது கொடுக்கும். இம்முறைக்கு டி.எச்.சி.பி. என்பது பெயர்.

இலக்கத்தையன்றி, ஒவ்வொரு கருவிக்கும் மக் முகவரி எனப்படும் வேறோர் அடையாளமும் உண்டு. ரவுட்டர் ஒரு செய்தியைச் சேர்ப்பிக்குமுன், "192.168.1.10 என்பார் யார்?" என்று அனைவரும் கேட்கக் கூவும். உரியவர் தம் மக் முகவரியைக் கூறுவர். அதனை அது பட்டியலிற் குறித்துக்கொள்ளும். ஏ.ஆர்.பி. என்னும் இவ்வொழுங்கு 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. இருவர் விடை கூறினாற் பிந்தியவர் கூற்று முந்தியதை அழித்துவிடும். ஆசிரியர் மகளுக்குக் கூறிய விடை அச்சுப்பொறியின் வாயிலிற் சென்று வீழ்ந்தமை இதனாலேயாம்.

முரண்பாடு தோன்றும் வகை

இது பெரும்பாலும் மூவகையால் நிகழும்.

முதலாவது, கையால் இட்ட முகவரி. எங்கள் அச்சுப்பொறிக்கு, வாங்கிய நாளில் 192.168.1.10 என நிலையாக இட்டிருந்தனர். பழைய ரவுட்டர் 100 முதலாக வழங்கியதாற் பிணக்கில்லை. பின்பு வந்த புதிய ரவுட்டர் 2 முதலாக வழங்கிற்று. அச்சுப்பொறி அணைந்திருந்த வேளையில் 10ஐ மடிக்கணினிக்கு ஈந்துவிட்டது.

இரண்டாவது, ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர்கள். அறைக்கு அலை எட்டவில்லையென்று பழைய ரவுட்டர் ஒன்றையும் பூட்டுவர். இரண்டும் இலக்கம் வழங்கத் தொடங்கும். இரண்டும் தம்மை 192.168.1.1 எனக் கூறுதலும் உண்டு.

மூன்றாவது, மின்தடை. சில ரவுட்டர்கள் மின் அறுந்து மீண்டதும் தாம் கொடுத்தவற்றை மறந்துவிடும்; ஒருவர் வைத்திருக்கும் இலக்கத்தையே மற்றொருவர்க்கும் நீட்டும்.

ஆராயும் முறை

கணினியில் முகவரி முரண்பாடு என்னும் அறிவிப்புத் தோன்றின் ஐயமில்லை. ஆயினும் எல்லாக் கருவிகளும் அவ்வாறு அறிவியா. வைஃபை அடையாளம் நிறைந்து நின்றும் ஒரு கருவிக்கு மாத்திரம் இணைப்பு விட்டுவிட்டு வருமாயின் ஐயுறுக. எல்லாக் கருவிகளும் ஒருங்கே அறுமாயின் காரணம் பெரும்பாலும் வேறாம். முகவரி 169.254 எனத் தொடங்கின், அது முரண்பாட்டின் முடிவான அடையாளமன்று. ரவுட்டரிடமிருந்து இலக்கமே கிடைக்கவில்லை என்பதே பொருள்.

ஐயுற்ற கருவியின் முகவரியைக் குறித்துக்கொண்டு, அதனை வலையிலிருந்து நீக்குக. பின் வேறொரு கணினியிலிருந்து அம்முகவரிக்குப் பிங் கட்டளையை இடுக. நீக்கிய பின்னரும் விடை வருமாயின், அப்பெயரை வேறொருவர் தாங்கி நிற்கின்றார் என்பது தெளிவு. விடை வாராதிருப்பின், மற்றைக் கருவி அப்பொழுது அணைந்திருத்தலுங் கூடும். யாவற்றையும் இயக்கி மீண்டும் நோக்குக. விடை வந்தபின் ஏ.ஆர்.பி. கட்டளையாற் பட்டியலைப் பார்த்தால் அவருடைய மக் முகவரி தெரியும். அதனை வீட்டுக் கருவிகளின் அடியில் ஒட்டிய சீட்டுக்களோடு ஒப்பிடுக.

தீர்க்கும் முறை

ரவுட்டரையும் கருவிகளையும் அணைத்து மீண்டும் இயக்கினால் அன்றைய இடர் தீர்தல் கூடும். காரணம் நிற்குமாயின் அது மீண்டும் வரும். நிலையான தீர்வுகள் பின்வருவன.

கையால் இட்ட முகவரியை நீக்கி, தானாகப் பெறும்படி அமைத்தல் எளிது. அச்சுப்பொறிபோல மாறாத முகவரி வேண்டுவனவற்றுக்கு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அவற்றின் மக் முகவரியைப் பதிந்து, ஓர் இலக்கத்தை ஒதுக்கிவைத்தல் சிறந்தது. கையாலேயே இடுவதாயின், வழங்கும் தொகுப்பை 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை என வரையறுத்து, 2 முதல் 99 வரையுள்ளவற்றுள் ஒன்றைக் கருவிக்கு இடுக. இரண்டாவது ரவுட்டர் இருப்பின், அதன் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, அதற்குத் தொகுப்பின் புறத்தேயுள்ள தனி முகவரியை அளித்து, முதலாவதனோடு அதன் லான் துளையிற் கம்பியைப் பூட்டுக. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அருகே ஒட்டிவைத்தல் நன்று.

எங்கள் வீட்டில் அச்சுப்பொறியைத் தானாகப் பெறும்படி மாற்றி, அதற்கென ஓர் இலக்கத்தை ரவுட்டரில் ஒதுக்கினோம். அரைமணி நேரமும் ஆகவில்லை. அன்று மாலை யான் தாள் அச்சிட்டேன், வகுப்பு அறவில்லை. மகளிடம் என் பிழையைக் கூறினேன். அவள் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள். எனக்குத்தான் நெடுநேரம் சிரிப்பு வரவில்லை.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கடல்கடந்து வாழ்கின்றனர். ஊரிலிருக்கும் முதிய பெற்றோரின் முகத்தை அவர்க்குக் காட்டுவது இச்சிறு பெட்டியே. அழைப்பு இடையில் அறுமாயின், 'அம்மா தவறாக அழுத்திவிட்டார்' என்று சினத்தல் எளிது. அதற்குமுன் ஒருகால் வினாவுக: அறுந்த வேளையில் வீட்டில் வேறெது இயங்கிற்று? குற்றம் ஆளிடத்தென்று துணியுமுன் பெயரிடத்து உண்டோவென ஆராய்தல், பொறிக்கேயன்றி இல்வாழ்க்கைக்கும் பொருந்துவதொரு பாடமாம்.