கோழிக்கு முன்னால் தெருவைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் மாமியாருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கொல்லைப்புறம் சும்மா கிடக்கிறது, வாரச்சந்தையில் 25 கோழி வாங்கி விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் 25 வேண்டாம், சந்தையும் வேண்டாம். கூண்டுக்குக் கம்பிவலை வாங்குவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உன் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை நடந்து வா. யார் வீட்டில் கோழி இருக்கிறது, யார் நாயைக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள், யார் கீரைப் பாத்தி போட்டிருக்கிறார்கள், யார் வாசலில் வடகமும் வத்தலும் காயப் போடுகிறார்கள் என்று பார். நின்று பேசு.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், மேய விட்டு வளர்க்கிற நாட்டுக்கோழிக்கு வேலி கிடையாது. உன் கோழி பாதி நாள் அடுத்த வீட்டுக் குப்பைமேட்டில்தான் கிளறிக்கொண்டிருக்கும். அவர்கள் கோழி உன் கிணற்றடியில் தண்ணீர் குடிக்கும். தீனி, சேவல், சண்டை, நோய் எல்லாமே தெருவுக்குப் பொது. கோழி உன் பேரில் இருந்தாலும் அதை வளர்ப்பது தெருதான். இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் பாதிக் கஷ்டம் வராது.

நடந்து வரும்போது, பல வருஷமாகக் கோழி வைத்திருக்கும் ஒரு வீடு கண்ணில் படும். அநேகமாக அங்கே வயதான ஓர் அம்மா இருப்பார். உனக்கு வேண்டிய கோழியை அவரிடம் வாங்கு. நாலைந்து மாதமான விடைக்கோழி நாலு, வேறு வீட்டிலிருந்து ஒரு சேவல், ஆரம்பத்துக்கு இது போதும். சந்தைக் கோழி பத்து ஊரிலிருந்து வந்து ஒரே கூடையில் நெருக்கியடித்துக் கிடந்தது. அதில் ஒன்றுக்கு நோய் இருந்தாலும் வீட்டுக்கு வந்த சில நாளில்தான் தெரியும். அதற்குள் தெருவுக்கே பரவியிருக்கும். தெருவிலேயே பிறந்த கோழிக்கு அந்த மண்ணும் பழக்கம், அந்த நாய்களும் பழக்கம். என்றைக்காவது வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தால் இரண்டு மூன்று வாரம் தனியாக அடைத்து வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடு.

தெருவில் சைக்கிளில் சாயக் குஞ்சு கொண்டு வருவார்கள். பச்சை, ரோஸ் என்று கலர் கலராக இருக்கும், பிள்ளைகள் அழுது அடம்பிடிக்கும். அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைக்கு உதவாதென்று பொரிப்பகத்தில் கழிக்கப்பட்ட சேவல் குஞ்சுகள். தாய்ச்சூடும் இல்லாமல், போட வேண்டிய மருந்தும் இல்லாமல் வந்தவை. பிள்ளைகள் கையிலேயே சாகும். தயவுசெய்து வாங்காதே.

ரகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். வனராஜா, கிரிராஜா, நந்தனம் கோழி எல்லாம் நல்லவைதான், முட்டையும் நாட்டுக்கோழியைவிடக் கூடுதலாக வைக்கும். ஆனால் உனக்கு முதலில் வேண்டியது தானே அடை உட்கார்ந்து தானே குஞ்சைக் காப்பாற்றுகிற கோழி. அதற்குச் சிறுவிடைதான் என் தேர்வு. சின்ன உடம்பு, சுறுசுறுப்பு, பருந்து நிழல் தரையில் விழுந்ததுமே குஞ்சுகளைக் கூப்பிட்டு இறக்கைக்குள் வாங்கிக்கொள்ளும். கட்டுச்சேவல் இனத்துப் பெருவிடையை இரண்டு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

புதுக்கோழி வந்ததும் திறந்து விட்டுவிடாதே. நாலு நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வை, தீனியும் தண்ணீரும் அங்கேயே கொடு. ஐந்தாம் நாள் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடு. இருட்டுவதற்குள் அதிகத் தூரம் போகாது, அடைய உன் வீட்டுக்கே வந்துவிடும். இராத்திரி அடைக்கிற கூடு தரையிலிருந்து இரண்டடியாவது உயரத்தில் இருக்கட்டும், உள்ளே உட்காரக் குச்சி கட்டிவிடு. வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கீரி, மரநாய், பாம்பு மூன்றுக்கும் சின்ன சந்து போதும். கதவைச் சாத்தும்போது தினமும் எண்ணு.

தீனிக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. காலையில் குருணையோ கம்போ சோளமோ ஒரு கை, சாயங்காலம் ஒரு கை, மீதியை மேய்ந்து தேடிக்கொள்ளும். குஞ்சு வைத்திருக்கும்போது மட்டும் கரையான் பிடித்துப் போடு. பழைய மண்பானை ஒன்றை எடுத்துக்கொள். காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலை, மட்டை எல்லாவற்றையும் உள்ளே திணித்துத் தண்ணீர் தெளி. அடி மட்டும் ஈரமாக இருந்தால் போதாது, சாக்கு நன்றாக ஊறியிருக்க வேண்டும். கரையான் நடமாட்டம் உள்ள இடமாகப் பார்த்துப் பொழுது சாய அதைத் தரையில் கவிழ்த்து வை. காலையில் வெயில் ஏறுவதற்குள் நிமிர்த்தினால் சாக்கு மடிப்பெல்லாம் வெள்ளையாக நெளியும். குஞ்சுகளுக்கு முன்னால் உதறிவிட்டுப் பார், அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்கே விடியற்காலையில் எழுந்திருக்கலாம். சிறு குஞ்சுக்கு அதைவிடச் சத்தான தீனி இல்லை.

அடை வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கோழி கூடையை விட்டு இறங்காமல், கை வைத்தால் சிலிர்த்துக்கொண்டு உறுமினால் அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைக்காதே, சின்னக் கோழியின் வயிற்றுச் சூடு அதற்கு மேல் எட்டாது. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாக எடு. வெயில் காலமாக இருந்தால் நாலைந்து நாளுக்கு மேல் பழையது வேண்டாம். கழுவாதே. கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, அடியில் நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டுவிடு, செள்ளுப்பூச்சி அண்டாது. இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க உன் மாமியார் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் இரும்பும் வைக்கச் சொல்வார். வை, கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இடியைவிடச் செள்ளும் வெயிலும்தான் அடையைக் கெடுக்கிறது என்பதையும் தெரிந்துகொள். செள் ஏறிய கோழி அடையில் நிலைக்காது, பாதியிலேயே எழுந்துவிடும். சாம்பலும் புழுதியும் கலந்து ஒரு மூலையில் போட்டுவை, குடைந்து குளித்துக்கொள்ளும்.

ஏழாம் நாள் இராத்திரி முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இருட்டில் செல்போன் விளக்கின் மேல் வைத்துப் பார். கரு கூடியிருந்தால் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை பின்னினதுபோல் தெரியும். ஒன்றுமே இல்லாமல் வெளிச்சம் ஊடுருவினால் கூமுட்டை, எடுத்துவிடு. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கையே வைக்காதே. 21-ஆம் நாள் பொரியும். ஒரு குஞ்சு ஓட்டை உடைத்துவிட்டு வெளியே வரத் திணறினால் உதவுகிறேன் என்று ஓட்டை உரிக்காதே. இரத்தம் கசிந்து செத்துவிடும். வெளிவந்த குஞ்சுக்கு முதல் நாள் தீனி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும்.

இப்போது சொல்வதைத்தான் நீ இரண்டு தடவை படிக்க வேண்டும். கொல்லைக் கோழியை அடியோடு வாரிக்கொண்டு போவது கழிச்சல். வெள்ளைக் கழிச்சல் என்பார்கள், இராணிக்கெட் என்று மருந்தகத்தில் சொல்வார்கள். சாயங்காலம் நன்றாக மேய்ந்த கோழி காலையில் இறக்கையைத் தொங்கப் போட்டுத் தூங்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலது கழுத்தை முறுக்கிக்கொள்ளும். அப்புறம் மருந்தே கிடையாது. சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். கொடுப்பவர்களைத் தடுக்காதே. ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதே. வெயில் ஏற ஏற வேகமாகப் பரவும், பங்குனி சித்திரையில் ஒரு தெருவையே காலி செய்யும்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில், தோலுக்குக் கீழே ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழுவுக்கு மருந்து கொடுத்துவிடு. ஏற்கெனவே சோர்ந்து நிற்கிற கோழிக்கு ஊசி போடக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இலவசமாகவே ஊர் ஊராக முகாம் போட்டு எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு ஊசி போடுகிறது.

தெரு என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பது இங்கேதான் புரியும். ஒரு குப்பியில் 50 கோழிக்கோ 100 கோழிக்கோ ஆகிற மருந்து இருக்கும். அடியில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் அந்த மருந்தை நீரில் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், அதுவும் ஐஸ் மேல் வைத்திருந்து. உன் ஐந்து கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க முடியாது. உடைத்தாலும் பயன் பாதிதான், பக்கத்து வீட்டுக் கோழி ஊசி போடாமல் நின்றால் நோய் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். உன் குஞ்சுக்கு எட்டு வாரம் ஆவதற்குள் அது வந்து தொற்றும். அதனால் நாலு வீட்டு அக்காமார்களையும் அத்தைமார்களையும் முகாமுக்கு முதல் நாளே பார்த்துச் சொல்லிவிடு. காலையில் கூட்டைத் திறக்காமல் வைத்திருக்கச் சொல். திறந்துவிட்ட கோழியை ஊசிக்காரர் துரத்திப் பிடிக்க முடியாது.

கோழி செத்தால் வாய்க்காலிலோ குப்பையிலோ வீசாதே. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதை. நோய் வந்ததும் அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவர்கள் உண்டு. அதைப் போலப் பாவம் வேறில்லை, நீ செய்யாதே. தெருவில் ஒரே சமயத்தில் பல கோழி செத்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிடு, தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வருகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கோழி பெரும்பாலும் முற்பகலில்தான் முட்டையிடும். பத்து மணி வரை அடைத்து வைத்தால் முட்டை அடுத்த வீட்டு வைக்கோற்போரில் விழாது, யார் முட்டை என்ற பேச்சும் எழாது. காலில் உன் அடையாளமாக ஒரு கலர் வளையம் போடு. குஞ்சு வளர வளர அதைத் தளர்த்தி மாற்று, இறுகினால் கால் வீங்கிவிடும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கூடுதல் சேவல் விடியுமுன்னே கூவிக் கைக்குழந்தை உள்ள வீட்டின் தூக்கத்தைக் கெடுக்கும். கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டால் கேட்கும் முன்னால் நீயே போய் மன்னிப்புக் கேள், கூடவே நாலு முட்டை கொண்டுபோ.

ஒரு வருஷம் தேறிவிட்டால் வாரத்துக்கு விடு. வாங்கக் காசில்லாத வீட்டுக்கு ஒரு பெட்டையைக் கொடுத்து, வருகிற குஞ்சில் சரிபாதி என்று பேசிக்கொள்வது. தாய்க்கோழி செத்தால் என்ன, குஞ்சைப் பருந்து தூக்கினால் யார் கணக்கு என்பதைக் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். பல பெண்கள் கையில் முதல் காசு வந்ததே இப்படித்தான். கோழிக்காசு பெண்ணின் காசு, உன் வீட்டிலும் அது உன் கையில்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் இதை நான் சொன்னதாகவே சொல்.

விற்கிற காலமும் பார்த்துக்கொள். ஆடியில் குலதெய்வத்துக்குச் சேவல் தேடி வீட்டுக்கே வருவார்கள், தீபாவளிக்கும் நல்ல விலை போகும். புரட்டாசியில் பாதிப் பேர் கறி தொடமாட்டார்கள். கார்த்திகை மார்கழியில் மாலை போட்ட வீடுகளில் கேட்கவே வேண்டாம். அந்த மாதங்களில் விற்க நினைக்காதே, அடை வை.

முதல் வருஷம் இலாபம் பார்க்காதே. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 70 முட்டைதான் வைக்கும், அதிலும் பாதி அடைக்குப் போகும். பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் முட்டை கிடைத்தால் அதுவே போதும்.

தை பிறந்ததும் கால்நடை மருந்தகத்துக்குப் போய் முகாம் தேதியைக் கேட்டு வா. போகும்போது தெருவில் மொத்தம் எத்தனை கோழி என்று வீடு வீடாக எழுதி எடுத்துக்கொண்டு போ, கொண்டுவர வேண்டிய மருந்து அவர்களுக்குத் தெரியட்டும். அந்தக் கணக்கை எனக்கும் எழுது.

அன்புடன்,
பெரியம்மா