மின்மாற்றியும் அதன் அளவும்

காரைக்காலைச் சேர்ந்த தலத்தெருவில் விளக்கு வைக்கும் வேளையில் நடந்து செல்வோர், தெருவோரக் கம்பங்களின்மேல் அமைந்த இரும்புப் பெட்டி ஒன்று மெல்ல முரலுவதைக் கேட்பர். அதுவே மின்மாற்றி. 11,000 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை வீட்டிற்கு ஏற்றவாறு தாழ்த்தித் தருவது அதன் தொழில். அதனுள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. காந்த ஆற்றலே இரண்டையும் இணைக்கிறது. இவ்வுண்மையை 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் கண்டறிந்தார்.

மின்னோட்டம் செல்லுங்கால் அச்சுருள்கள் அதனைச் சிறிது மறுத்து நிற்கின்றன. இதனை மின்மறுப்பு என்பர். இது வெறுங் குறையன்று, காவலும் ஆகும். கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக் குறுக்குச்சுற்று நேருமாயின், பெருகி வரும் மின்னோட்டத்தை, ஆற்று வெள்ளத்தை மதகு தடுப்பதுபோல, மின்மறுப்பே தடுத்து அளவுபடுத்துகிறது.

துணைமின் நிலையங்களில் இதனினும் மிகப் பெரிய மின்மாற்றிகள் உள்ளன. அவற்றுள் 110 கிலோவோல்ட்டை 11 கிலோவோல்ட்டாகத் தாழ்த்தும் ஒரு வகையின் தகட்டில் '10/16 மெகா வோல்ட் ஆம்பியர்' என்று இரண்டு அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். பொருள் ஒன்றாயிருக்க அளவு இரண்டாவது எவ்வாறு? மின்னோட்டம் மிகுந்தால் வெப்பமும் மிகும். உள்ளிருக்கும் எண்ணெய் அவ்வெப்பத்தை ஏற்றுப் புறத்தகடுகளுக்குக் கொண்டு செல்லும். இயல்பாக வீசும் காற்றே அதனைத் தணிக்குமாயின் 10 அளவு வரையில் சுமை ஏற்றலாம். விசிறிகள் சுழன்று காற்றைச் செலுத்துமாயின் 16 வரையில் ஏற்றலாம்.

இனி, மின்மறுப்பை அளக்கும் முறையைக் காண்போம். தாழ்ந்த அழுத்தச் சுருளின் முனைகளை ஒன்றாக இணைத்துவிட்டு, உயர்ந்த அழுத்தச் சுருளில் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவர். 16 அளவிற்குரிய முழு மின்னோட்டம் ஏறத்தாழ 84 ஆம்பியர். அது பாய்வதற்கு 11,000 வோல்ட் வேண்டியிருந்தது எனக் கொள்வோம். அது 1,10,000 வோல்ட்டில் பத்து விழுக்காடு. ஆகவே மின்மறுப்பு பத்து விழுக்காடு என்பர். 10 அளவிற்கோ ஏறத்தாழ 52.5 ஆம்பியரே போதும். அதற்கு 6,875 வோல்ட்டே வேண்டும். அது 6.25 விழுக்காடு.

விசிறி சுழன்றதனால் மின்மறுப்பு மிகுந்துவிட்டதா? இல்லை. சுருள்களின் வடிவும் இடைவெளியும் மாறவில்லை. வெப்பத்தால் செம்புக் கம்பியின் தடை சிறிது மாறும். அதுபற்றியே 75 பாகை செல்சியசுக்கு உரியதாக இவ்வளவைக் கணக்கிட்டுக் கூறுவர். மாறியது மின்மறுப்பன்று, விழுக்காடு காண்பதற்கு நாம் கொண்ட அடிப்படையே.

இவ்வேறுபாட்டை மறப்பின் தீங்கு விளையும். வரும் அழுத்தம் குன்றாது நிற்குமாயின், குறுக்குச்சுற்றில் 84 ஆம்பியரின் பத்து மடங்கு, அஃதாவது 840 ஆம்பியர் பாயும். 6.25 விழுக்காட்டைக் கொண்டு, 52.5 ஆம்பியரின் பதினாறு மடங்கு என்று கணக்கிடினும் அதே 840 வரும். ஆனால் '10 விழுக்காடு' என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, அதனை 10 அளவிற்கு உரியதெனக் கொள்பவன் 525 ஆம்பியர் என்றே முடிவு செய்வான். அம்முடிவை நம்பிக் காப்புக் கருவி அமைப்பின், ஆபத்து வந்துற்றபோது அது எதிர்பாராத பெருக்கிற்கு ஆற்றாது போகலாம். அருகில் பணிபுரிவோர் உயிருக்கும் ஊறு நேரலாம்.

மாணவர்களே! தமிழில் 'கால்' என்னும் சொல் உறுப்பையும் குறிக்கும், காற்றையும் குறிக்கும், நான்கில் ஒரு பங்கையும் குறிக்கும். இடம் நோக்கியன்றோ நாம் பொருள் கொள்கிறோம்? எண்ணும் அத்தகையதே. 'கால் பங்கு' என்றால், எதனில் கால் பங்கு என்று கேளுங்கள். 'பத்து விழுக்காடு' என்றால், எதனில் பத்து என்று கேளுங்கள். அடிப்படை கூறாத அளவு அரைகுறை அளவே. இக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் மின்னியல் பயில்வார்க்கேயன்றி, கணக்கைக் கையாளும் அனைவர்க்கும் நற்றுணையாகும்.